தட்டில் தெரிந்த வட்டம் பாக்கெட்டில் ஏறலாமா?



நமது பகுதிக் கடைகளில் இப்போது முடவாட்டுக்கால் கிழங்கு இல்லாத கடை குறைவு. முன்பெல்லாம் கொல்லிமலைக்கு அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கப் போகிறவர்கள், ஆகாய கங்கை அருவிக்குப் போகும் வழியில் மலைவாசிகள் தட்டுக்கூடையில் வைத்து விற்கும் கிழங்கை வாங்கி வருவார்கள். செம்மேட்டிலும் சோளக்காட்டுச் சந்தையிலும் ஒன்றிரண்டு கூடை வந்து இறங்கும். ஆட்டுக்காலைப் போலவே தோற்றம், மேலே பழுப்பு நிறத்தில் ரோமம். மூட்டுவலிக்காரர்கள் தேடி வாங்கும் சரக்கு, அவ்வளவுதான். இன்றைக்கு அது பொடியாகி, பாக்கெட்டாகி, சூப் மிக்ஸ் ஆகி, மளிகைக் கடை முகப்பில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வியாபாரம் பெருகுவதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பாக்கெட்டுகளின் மேல் அண்மைக்காலமாக ஏறிவரும் ஒரு வாசகத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

"ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது. பாக்டீரியா கிருமிகளைக் கொல்லும்" என்பது அந்த வாசகம்.

சரக்குப் போட வந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவரிடம் எந்த ஆய்வகம், என்ன நிரூபணம் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் நகலை எடுத்துக் காட்டினார். கட்டுரை உண்மையானதுதான். கண்ணாடித் தட்டில் சில வட்டங்கள் தெரியும் படமும் இருந்தது. "பாருங்க அண்ணாச்சி, கிருமி செத்துப்போன இடம் இதுதான்" என்றார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பத்துப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்த வட்டத்துக்கு என்ன பொருள், என்ன பொருள் இல்லை என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் வாடிக்கையாளர் கேள்வி கேட்பது பிரதிநிதியிடம் அல்ல, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மிடம்தான்.

சோதனை எப்படி நடக்கிறது?

நமது மாவட்டத்துக் கொல்லிமலை வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, எடப்புளி நாடு, தின்னனூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்தது என்பது நாம் அறிந்ததே. அங்கே உள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் கைவைத்தியத்துக்குப் பயன்படுத்தும் பச்சிலை, வேர், பட்டை, கிழங்குகளைச் சேகரித்து, சுற்றுவட்டாரக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகின்றன. முடவாட்டுக்கால் கிழங்குக்கு அறிவியல் பெயர் ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா. அது உண்மையில் கிழங்கே அல்ல, பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு. அதன் மெத்தனால் சாறு பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்ற ஆய்வு முடிவு 2001ஆம் ஆண்டிலேயே வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்துவிட்டது. பிறகும் சில வந்துள்ளன. ஆகவே "சோதித்தார்கள்" என்பது பொய்யில்லை.

எப்படிச் சோதிக்கிறார்கள்? செடியைக் கொண்டுவந்து முதலில் தாவரவியலாளரிடம் காட்டி, இன்ன செடிதான் என்று உறுதி செய்து, மாதிரி ஒன்றை அழுத்திக் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். பிறகு கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனால், எத்தனால், ஹெக்சேன், தண்ணீர் என்று ஒவ்வொரு திரவத்திலும் ஊறவைத்தோ சுண்டவைத்தோ சாறு இறக்குவார்கள். திரவத்தை ஆவியாக்கிவிட்டால் பிசின்போல் ஒரு சத்து மிஞ்சும். அதுதான் 'சாறு' என்று கட்டுரையில் வருவது.

அடுத்தது தட்டு. கிருமி வளர்வதற்கு ஒரு பாத்தி வேண்டுமல்லவா? அந்தப் பாத்தி எதனால் ஆனது தெரியுமா? நமது கடையில் ரமலான் மாதத்தில் கேட்டு வாங்கிப் போகிறார்களே கடற்பாசி, அந்த அகர் அகர்தான். ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற கிருமியியல் மேதையின் ஆய்வகத்தில் இருந்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி, சமையலில் ஜெல்லி செய்யப் பயன்பட்ட அகரை 1880களின் தொடக்கத்தில் ஆய்வகத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு முன் அவர்கள் உபயோகித்த ஜெலட்டின் வெயிலில் உருகி ஓடியது. சமையலறைச் சரக்கு ஒன்று உலகத்துக் கிருமி ஆராய்ச்சியையே நிலைநிறுத்தியது என்பது நமது தொழிலுக்குப் பெருமைதான்.

அந்த அகர்ப் பாத்தியின் மேல் ஒரு வகை பாக்டீரியாவைச் சீராகத் தடவுவார்கள். சீழ்ப்புண்களில் காணப்படும் ஸ்டெஃபிலோகாக்கஸ், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை வகைகள் போன்றவை. பாத்தியில் சிறு குழிகள் துளைத்து, ஒவ்வொன்றிலும் சாற்றை ஊற்றி, ஒரு குழியில் தெரிந்த ஆன்டிபயாடிக் மருந்தையும், இன்னொன்றில் வெறும் கரைப்பானையும் ஒப்பீட்டுக்காக வைத்து, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் பாத்தி முழுக்கக் கிருமி மங்கலாகப் படர்ந்திருக்கும். சாறு பரவிய இடத்தில் மட்டும் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் நிற்கும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். வெறும் கரைப்பான் வைத்த குழியிலும் வட்டம் விழுந்திருந்தால் அந்தச் சோதனையே செல்லாது. மருந்து வில்லையை வைத்து இப்படி வட்டம் அளக்கும் முறையை 1966இல் பாவர், கர்பி ஆகியோர் அமெரிக்காவில் ஒழுங்குபடுத்தினர். இன்றும் மருத்துவமனைகளில் நோயாளிக்கு எந்த ஆன்டிபயாடிக் பலிக்கும் என்று பார்ப்பதற்கு இதே முறைதான் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் பலிக்கும் என்று அளவு வகுத்து வைத்திருக்கிறார்கள். மூலிகைச் சாற்றுக்கு அப்படி வகுத்த அளவு கிடையாது.

எனவே ஒரு செடிக்கு 18 மில்லிமீட்டர், மற்றதற்கு 12 மில்லிமீட்டர் என்று வந்தால் முதல் செடிதான் ஒன்றரை மடங்கு உசத்தி என்று எண்ணிவிடக்கூடாது. அகரில் எளிதாகக் கசிந்து பரவும் பொருள் பெரிய வட்டம் போடும். நன்றாகக் கொல்லக்கூடியதாயினும் பரவாத பொருள் சிறிய வட்டமே போடும். இதைச் சரிசெய்யத்தான் அடுத்த படியாக, சாற்றைப் பாதி பாதியாக நீர்க்கவைத்துக்கொண்டே போய், எந்தக் குறைந்த அளவில் கிருமி வளர்ச்சி நிற்கிறது என்று பார்க்கிறார்கள். நல்ல ஆன்டிபயாடிக் மருந்துகள் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமிலேயே தம் வேலையைக் காட்டிவிடும். மூலிகையின் முழுச் சாறு 100 மைக்ரோகிராமில் வேலை செய்தாலே ஆராய்ச்சியாளர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். பல கட்டுரைகளில் தட்டில் ஊற்றுவதோ மில்லிலிட்டருக்குப் பத்து, ஐம்பது, நூறு மில்லிகிராம் என்ற கணக்கு.

இதை நமது பாஷையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாறு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் கிருமியை அடக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மனித உடம்பில் ஏறத்தாழ 40 லிட்டர் நீர் இருக்கிறது. அந்த நீர் முழுவதிலும் அந்த அளவு சேர வேண்டுமானால் 40 கிராம் சாறு வேண்டும். காய்ந்த கிழங்கு 100 கிராமில் 10 கிராம் சாறு இறங்கும் என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும், ஒரே வேளையில் 400 கிராம் காய்ந்த சரக்கு உள்ளே போக வேண்டும். அதில் ஒரு துளியும் வீணாகாமல், குடலில் சிதையாமல், முழுவதும் இரத்தத்தில் கலக்கவும் வேண்டும். நாம் விற்பதோ 50 கிராம் பாக்கெட். அதில் ஒரு ஸ்பூன் எடுத்து மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு தட்டிப் போட்டு சூப் வைக்கிறார்கள். சூப் நல்ல சூப்தான், நானும் குடிக்கிறேன். அதை ஆன்டிபயாடிக் என்று சொல்லி விற்பதற்குத் தட்டில் விழுந்த வட்டம் ஆதாரமாகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டுரையில் இறக்கியது மெத்தனால் சாறு. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த அதே மெத்தனால். ஆய்வகத்தில் அதை ஆவியாக்கி நீக்கிவிடுவார்கள், குற்றமில்லை. ஆனால் மெத்தனாலில் கரையும் பொருள் எல்லாம் நம் வீட்டுக் கொதிநீரில் கரைவதில்லை. மெத்தனால் சாற்றில் வட்டம் விழுந்து, தண்ணீர்ச் சாற்றில் ஒன்றுமே விழாத செடிகள் ஏராளம். மலைமக்கள் நீரில் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கட்டுரை எந்தச் சரக்கைப் பற்றிப் பேசுகிறது, நாம் எந்தச் சரக்கை விற்கிறோம்?

இறக்கும் முறையில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்குச் சீனத்து உதாரணம் ஒன்று போதும். மலேரியா மருந்து தேடிய தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி, பழைய மருத்துவச் சுவடியில் சொல்லப்பட்ட ஒரு மாசிப்பச்சை இனச் செடியைச் சோதித்தபோது பலன் வந்தும் வராமலும் போக்குக் காட்டியது. கொதிக்கவைப்பதால்தான் சத்து கெடுகிறதோ என்று ஐயுற்று, 1971இல் குறைந்த சூட்டில் ஈதரில் இறக்கிப் பார்த்தார். பலித்தது. ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்துக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல, வேறொரு நுண்ணுயிர். அது இருக்கட்டும். இடையில் எத்தனை ஆண்டு உழைப்பு, எத்தனை மிருகச் சோதனை, எத்தனை மனிதச் சோதனை என்று பாருங்கள். தட்டில் பூசணம் விழுந்து கிருமி ஒதுங்கியதை ஃபிளெமிங் கண்டது 1928இல். பெனிசிலின் நோயாளியின் உடம்பில் ஏறியது 1940களில்தான். ஒரு கட்டுரை வந்த உடனே அட்டை அச்சடிக்கும் அவசரம் நம் ஊரில் மட்டுமே.

சோதனையால் பயனே இல்லையா?

இப்படிச் சொல்வதால் மூலிகை ஆராய்ச்சியை நான் கேலி செய்வதாக யாரும் கொள்ளவேண்டாம். அது வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்துகள் நாளுக்கு நாள் பலனிழந்து வருகின்றன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்தார்கள் என்று மருத்துவ இதழான லான்செட் 2022இல் கணக்கு வெளியிட்டது. புதிய மருந்து எங்கிருந்து வந்தாலும் நல்லதுதான்.

செடிகளிடம் நாம் எதிர்பாராத தந்திரங்களும் இருக்கின்றன. நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் விற்கிறோம். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின் என்ற பொருள். பெர்பெரின் கிருமியை ஓரளவு அடக்கும், ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி அதைத் தன் உடலுக்குள் வரவிடாமல் பம்ப் போட்டு வெளியே இறைத்துவிடும். பெர்பெரின் உள்ள பெர்பெரிஸ் இனச் செடிகளோ அந்தப் பம்பை அடைக்கும் வேறொரு பொருளையும் தாமே தயாரித்து வைத்திருக்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். தனியாகச் சோதித்தால் இரண்டாவது பொருள் வட்டமே போடாது. சேர்ந்தால்தான் வேலை செய்யும். கூட்டுச் சரக்காக மருந்து கட்டிய நம் சித்த வைத்தியர்களின் வழக்கத்தை இதை வைத்து ஒரேயடியாக நிரூபித்துவிட முடியாது. ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது.

நமது சரக்கிலேயே பூண்டு இருக்கிறது. அதை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்ற பொருள் பாக்டீரியாவை அடக்குவதை 1944இல் கண்டார்கள். முழுப் பல்லில் அது இல்லை, நசுக்கினால்தான் பிறக்கிறது, சூட்டில் சிதைகிறது. மஞ்சளை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995இல் மஞ்சளால் புண் ஆற்றுவதற்கே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நமது சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் பழைய நூல்களையெல்லாம் ஆதாரமாகக் காட்டி எதிர்த்து, 1997இல் அது ரத்தாயிற்று. மஞ்சள் மண்டிக்காரர்கள் எல்லோரும் மார்தட்டிக்கொண்ட செய்தி அது. ஆனால் மஞ்சளின் குர்குமின் தட்டில் காட்டும் வீரத்தை உடம்பில் காட்டுவதில்லை. 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும் உறுதியான வெற்றி ஒன்றும் தேறவில்லை என்று 2017இல் வேதியியலாளர்கள் சிலர் அலசி எழுதினார்கள். குடல் அதை உறிஞ்சுவதே சொற்பம் என்பது முக்கியக் காரணம். மிளகின் பெப்பரின் சேர்ந்தால் உறிஞ்சுதல் பல மடங்கு கூடுகிறது என்று பெங்களூரில் செய்து 1998இல் வந்த ஆய்வு சொல்கிறது. கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் அதே பெப்பரின் வலிப்பு மருந்து போன்ற சில ஆங்கில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும். மாத்திரை சாப்பிடும் வாடிக்கையாளர் வந்து 'மஞ்சள் மிளகு கேப்சூல்' கேட்டால், "டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

காய்ச்சல் சீசனில் இன்னொரு குழப்பம் வரும். டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீர், கொரோனாவுக்குக் கபசுரக் குடிநீர் என்று 2012லிருந்து 2020 வரை நமது கடைகளில் நடந்த கூட்டத்தை மறந்திருக்க மாட்டோம். டெங்குவும் கொரோனாவும் வைரஸ். பாக்டீரியா தட்டில் எவ்வளவு பெரிய வட்டம் விழுந்தாலும் வைரஸுக்கு அது சாட்சி சொல்லாது. "எல்லாக் கிருமியும் ஒன்றுதானே" என்று நம்மில் பலர் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்த வேண்டும்.

நம் மூட்டைக்குள் இருக்கும் கிருமி

இதுவரை சொன்னதைவிட நமக்கு நெருக்கமான விஷயம் இதுதான். கிருமியைக் கொல்லும் என்று அட்டை ஒட்டும் அதே சரக்கில் எவ்வளவு கிருமி குடியிருக்கிறது என்று யாராவது பார்த்தோமா?

மிளகு கிருமியை அடக்கும் என்பதற்குக் கட்டுரைகள் கட்டுக்கட்டாக உண்டு. ஆனால் 2009, 2010 ஆண்டுகளில் அமெரிக்காவில் 272 பேர் சால்மொனெல்லா கிருமியால் நோயுற்றபோது, மூலகாரணம் தேடிப்போனவர்கள் கண்டது இறைச்சியின் மேல் தடவிய மிளகைத்தான். ஜெர்மனியில் 1993இல் மிளகாய் வகைப் பொடி தூவிய உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்று சுமார் ஆயிரம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், இதேபோல் பாதிக்கப்பட்டார்கள். காய்ந்த சரக்கில் கிருமி பெருகாது, ஆனால் சாகாமல் காத்திருக்கும். ஈரம் பட்டதும் எழுந்துவிடும். அந்தக் கிருமியைக் கொல்வதற்காக எத்திலீன் ஆக்சைடு வாயு பிடித்து, அதன் எச்சம் சரக்கில் நின்றதால்தான் 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம் நாட்டு மசாலாத் தூள்கள் சிலவற்றை நிறுத்தி வைத்தன. பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி.

மலைச்சரக்கு எப்படி வருகிறது என்று நமக்குத் தெரியும். மழைக்கு முன் அவசரமாகப் பறித்தது, தரையில் பரப்பியது, பாதி காய்ந்த நிலையில் சாக்கில் கட்டி, காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, நமது குடோனில் புழுங்கிக் கிடக்கிறது. முடவாட்டுக்கால் கிழங்கில் ரோமத்தைச் சரியாகச் சுரண்டாவிட்டால் மண்ணும் பூசணமும் அதிலேயே ஒட்டியிருக்கும். அதைப் பொடித்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பூசணத்தில் சில, ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். சூப் கொதித்தாலும் அந்த நஞ்சு போகாது.

கலப்படமும் ஆள்மாறாட்டமும் வேறு இருக்கின்றன. நன்னாரிக்குப் பதில் மாகாளிக்கிழங்கு வருவதும், அசோகப் பட்டைக்கு நெட்டிலிங்கப் பட்டை வருவதும் நமது தொழிலில் தெரியாதவர் யார்? மிளகில் பப்பாளி விதை பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆய்வகக்காரர் செடியை அடையாளம் கண்ட பிறகே சாறு இறக்குகிறார். நாம் மூட்டையின் மேல் எழுதிய பெயரை நம்பி பொடி அரைக்கிறோம். அவருடைய முடிவை நம் பொடிக்கு ஒட்டவைப்பது எந்த ஊர் நியாயம்?

சட்டத்தையும் நினைவூட்டிவிடுகிறேன். 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்தியத் தடைச் சட்டத்தில் லேபிளும் மேலுறையும்கூட விளம்பரமாகவே கொள்ளப்படும். எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது என்ற அதன் பட்டியலில் பொதுவான காய்ச்சல்கள், டைபாய்டு, காசநோய், நிமோனியா, வாதம் எல்லாமே இருக்கின்றன. ஆக, மூட்டு வாதம் போகும் என்று எழுதினாலும் சிக்கல், டைபாய்டு கிருமி சாகும் என்று எழுதினாலும் சிக்கல். உணவுப் பொருளாக விற்றால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மருந்தாகத் தயாரித்தால் தயாரிப்பு உரிமம் வேண்டும். 2024இல் உச்ச நீதிமன்றம் பெரிய ஆயுர்வேத நிறுவனம் ஒன்றையே பத்திரிகையில் பகிரங்க மன்னிப்பு கேட்க வைத்ததைப் படித்திருப்பீர்கள். அட்டை அச்சடித்தவர் வெளியூரில் இருப்பார். அதிகாரி முதலில் வந்து நிற்பது சரக்கைத் தொங்கவிட்ட கடையின் வாசலில்.

சிலர் ஒரு வாதம் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக மலைமக்கள் குடித்துப் பலன் கண்டதை வெள்ளைக்காரன் தட்டு வைத்தா அளக்க வேண்டும் என்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அனுபவம் ஒரு சாட்சிதான். சீனத்திலும் இதே பெரணியின் நெருங்கிய உறவான ஒரு செடியை எலும்பு முறிவுக்குப் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள். இரண்டு தேசத்து மக்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே இனத்துச் செடியை எலும்புக்கும் மூட்டுக்கும் தேர்ந்தெடுத்தது யோசிக்க வேண்டிய விஷயம். ஆனால் பாருங்கள், மலைமக்கள் இதைப் பாக்டீரியாவுக்கு என்று கொடுக்கவில்லை. மூட்டுக்குக் கொடுத்தார்கள். அனுபவத்தை நம்புகிறவர் அனுபவம் சொன்னதைச் சொல்லட்டும். தட்டை நம்புகிறவர் தட்டு சொன்னதைச் சொல்லட்டும். இரண்டையும் குழைத்து இரண்டுமே சொல்லாத மூன்றாவது ஒன்றை அச்சடிப்பதுதான் தவறு.

மலைக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். பொதிகை மலைக் காணி மக்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைக் கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவர ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, 1990களில் கோவை நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. அதில் பாதியைக் காணி மக்களின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். குறைகள் இருந்தாலும் முன்னுதாரணம் அது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைப் பழங்குடியினருக்கு வழங்கியிருக்கிறது. ஆனால் எடப்புளி நாட்டிலிருந்து இறங்கும் கிழங்குக்குக் கூடைக்காரருக்குக் கிடைப்பதற்கும் பாக்கெட்டின் மேல் அச்சிட்ட விலைக்கும் உள்ள தூரத்தை நான் எழுதித்தான் தெரியவேண்டுமா? நானும் அந்தத் தூரத்தில் பிழைக்கிறவன்தான். நல்ல விலை கொடுத்தால் நன்றாகக் காய்ந்த சரக்கு வரும். விலையை அடித்தால் ஈரச் சரக்குதான் வரும். தண்டில் ஒரு துண்டைப் பாறையிலேயே விட்டு எடுத்தால் பெரணி மறுபடி தழைக்கும். கிலோ கணக்கு மட்டும் பார்த்து அவசரப்படுத்தினால் வேரோடு சுரண்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இன்று மலைப்பாதையோரம் கைக்கெட்டும் பாறைகளைப் பார்த்தால் விஷயம் புரியும்.

ஆகவே நமது சங்கத்தின் அடுத்த செயற்குழுவுக்கு இவற்றை முன்வைக்கிறேன். சேலத்தில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. விற்பவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் பொருளை வாங்கி, கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளும் உரிமை வாங்குகிற எவருக்கும் சட்டத்தில் உண்டு. சங்க நிதியிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்கி, உறுப்பினர்கள் விற்கும் மூலிகைப் பொடிகளில் சிலவற்றையாவது ஆண்டுக்கு இரண்டு முறை ஈரப்பதம், பூசண நஞ்சு, கிருமி எண்ணிக்கை பார்க்கச் சொல்லலாம். கல்லூரித் தாவரவியல் துறையினரை அழைத்து, மூட்டைப் பிரித்துப் பார்த்துச் சரக்கை அடையாளம் காண ஒரு நாள் பயிற்சி வைக்கலாம். அவர்களுக்கும் நல்ல மாதிரி கிடைக்கும், நமக்கும் கண் பழகும். கொள்முதல் சிட்டையில் எந்த நாட்டுச் சரக்கு, எந்த மாதம் இறங்கியது என்று ஒரு வரி சேர்த்து எழுத மொத்த வியாபாரிகள் ஒத்துக்கொள்ள வேண்டும். நாளை யாராவது ஆராய்ச்சிக்குக் கேட்டாலும் அதிகாரி கேட்டாலும் அந்த ஒரு வரி போதும். "பாக்டீரியாவைக் கொல்லும்" என்று அச்சிட்ட பாக்கெட்டுகளை, அந்த வாசகத்தை எடுக்கும்வரை கொள்முதல் செய்வதில்லை என்று தீர்மானம் போட வேண்டும். என் கடையில் அந்தச் சரத்தைப் போன வாரமே கழற்றிவிட்டேன். முழுக் கிழங்கு கூடையில் இருக்கிறது, கேட்பவருக்குச் சுரண்டிக் கொடுக்கிறோம்.

தீர்மானத்துக்கு எதிர்ப்புத் தெரிவிக்க விரும்பும் உறுப்பினர்கள் செயற்குழுவில் தாராளமாகப் பேசலாம். பேசவரும்போது தாங்கள் விற்கும் பொடியில் ஒரு பாக்கெட்டையும் கையோடு எடுத்து வந்தால், சேலத்துக்கு அனுப்ப வசதியாக இருக்கும்.